வினோதமான செஸ் புதிர்கள்: பிள்ளைகளுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எஞ்சின் (செஸ் கணக்கிடும் நிரல்) சொல்வதை நம்பலாமா?

கம்பமெட்டு64:

வணக்கம். குமுளியில் நடக்கும் சாயங்கால செஸ் வகுப்புக்காகக் கேட்கிறேன். கம்பம், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள், வண்டிப்பெரியாறு எஸ்டேட் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள் எல்லாரும் கலந்து வருகிறார்கள். வயது 10 முதல் 15 வரை. "வெள்ளை ஆடி இரண்டில் மேட்" என்று எழுதிப்போட்டால் முதலில் ராணியைத்தான் தூக்குகிறார்கள், பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது. கொஞ்சம் மூளையைப் புரட்டிப்போடுகிற வகைகள் வேண்டும். ஹெல்ப்மேட், செல்ஃப்மேட், ரெட்ரோ என்று பெயர்கள் தெரியும். எதை முதலில் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது?

கூடவே ஒரு சந்தேகம். ஒரு தாளில் இந்தப் புதிர் இருக்கிறது:

வெள்ளை: ராஜா இ6, யானை டி1.
கறுப்பு: ராஜா இ8, யானை எச்8, சிப்பாய்கள் பி7, சி7, ஜி7, எச்7.
வெள்ளை ஆடி இரண்டில் மேட்.

யானையை ஏ1-க்குக் கொண்டுபோனால் அடுத்து ஏ8-இல் மேட். ஆனால் கறுப்பு கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்துவிட்டால் ஒன்றும் நடக்காது. மொபைல் செயலியும் இரண்டில் மேட் இல்லை என்றே காட்டுகிறது. அச்சுப்பிழையா?

மூலைக்குதிரை:

தாளில் பிழை இல்லை, செயலிக்குத்தான் ஒரு விஷயம் தெரியாது. அதை ரெட்ரோ தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லட்டும். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

முதல் நாளே ஹெல்ப்மேட் வேண்டாம். பலகையில் காய் அடுக்காமல், வாயால் சொல்லக்கூடிய புதிரைக் கொடுங்கள். பழைய புதிர்தான், ஆனால் இன்றைக்கும் ஆளைக் கட்டிப்போடும்:

ஓர் ஆட்டம் சிப்பாய் இ4 என்று ஆரம்பிக்கிறது. ஐந்தாவது நகர்வில் குதிரை யானையை வெட்டி மேட். முழு ஆட்டத்தையும் சொல்.

மேட் கொடுத்தது வெள்ளையா கறுப்பா என்று கேள்வியில் கிடையாது. கொஞ்ச நேரம் பலகையைத் தொடவிடாமல் எண்ணச் சொல்லுங்கள். வெள்ளைக்கு ஐந்தில் ஒன்று இ4-க்கே செலவாகிவிட்டது. ஜி1 குதிரை எச்8-ஐத் தொட நான்கு தாவல் வேண்டும். ஆக வெள்ளையிடம் உபரி ஒன்றும் இல்லை, குதிரைக்குத் துணைக்கு வேறு காயே வெளியே வராது. கறுப்பின் ஜி8 குதிரை எச்1-க்குப் போகவும் நான்கு தாவல்தான். மூன்றில் ஏன் முடியாது? குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். ஜி8, எச்1 இரண்டும் வெள்ளைக் கட்டங்கள், அதனால் இரட்டைப்படையில்தான் போய்ச் சேர முடியும், இரண்டில் எட்டாது. ஆக கறுப்பிடம் ஒரே ஒரு நகர்வு மிச்சம். அந்த ஒன்று எந்தக் காய் என்று கண்டுபிடித்தால் புதிர் உடைந்துவிடும்.

விடை (பிள்ளைகள் பார்க்கும் திரையில் திறக்காதீர்கள்):

1. சிப்பாய் இ4, குதிரை எஃப்6
2. சிப்பாய் எஃப்3, குதிரை இ4-ஐ வெட்டுகிறது
3. ராணி இ2, குதிரை ஜி3
4. ராணி இ7-ஐ வெட்டி செக், கறுப்பு ராணி அதை வெட்டி செக்
5. ராஜா எஃப்2, குதிரை எச்1 யானையை வெட்டி மேட்

முடிந்த நிலையை வைத்து ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டுங்கள். இ1, இ2, இ3 மூன்றும் இ7-இல் நிற்கும் கறுப்பு ராணியின் பார்வையில். ஜி3-ஐ எச்1 குதிரையே பார்க்கிறது. எஃப்1-இல் பிஷப், ஜி1-இல் குதிரை, ஜி2-இலும் எஃப்3-இலும் சிப்பாய், நான்கும் வெள்ளையின் சொந்தக் காய்கள். எச்1 குதிரையை வெட்ட யாராலும் முடியாது.

பிள்ளைகள் முட்டி நிற்பது நான்காம் நகர்வில்தான். "வெள்ளை எதுக்கு ராணியைக் கொண்டுபோய் அங்கே கொடுக்கும்?" என்பார்கள். நல்ல ஆட்டமாக இருக்க வேண்டும் என்று கேள்வி கேட்கவில்லை, விதிப்படி இருந்தால் போதும் என்பதை அங்கே சொல்லிவிடுங்கள். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மற்ற வகைகள் எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

குமுளி என்பதால் இன்னொன்று. மலையாளத்தில் ஆன என்றால் நம் பிஷப். நம் யானை அவர்களுக்குத் தேர். "குதிரை யானையை வெட்டி மேட்" என்று வாயால் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் எஃப்1 பிஷப்பைக் குறிவைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். மந்திரியும் அப்படித்தான், நமக்கு அது பிஷப், அவர்களுக்கு ராணி. மூலைக்காயைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டுக் கேள்வியைச் சொல்லுங்கள்.

இதே ஜாதியில் சின்னதாக ஒன்று: வெள்ளை வரிசையாக சிப்பாய் எஃப்3, ராஜா எஃப்2, ராஜா ஜி3, ராஜா எச்4 என்று ஆடுகிறது. கறுப்பு நான்காவது நகர்வில் மேட். கறுப்பின் நகர்வுகள் என்ன? விடை: சிப்பாய் இ6, ராணி எஃப்6, ராணி எஃப்3-ஐ வெட்டி செக், பிஷப் இ7 மேட்.

ஏலத்தோட்டம்_ரெட்ரோ:

தம்பி, உங்கள் தாளில் இருப்பது ரெட்ரோ புதிர். கேள்வி எதிர்காலத்தைப் பற்றியதுபோல இருக்கும், பதில் கடந்தகாலத்தில் இருக்கும்.

இப்போது வெள்ளையின் முறை. அப்படியானால் கடைசியாக ஆடியது கறுப்பு. எந்தக் காயை ஆடியிருக்கும்? பலகையில் கறுப்புக்கு இருப்பது ராஜா, ஒரு யானை, நான்கு சிப்பாய்கள். நான்கு சிப்பாயும் ஏழாம் வரிசையில், பிறந்த இடத்திலேயே நிற்கின்றன. சிப்பாய் பின்னால் வராது, ஆகவே அவை ஒருமுறைகூட அசையவில்லை. மிச்சம் ராஜாவும் யானையும்தான். இரண்டில் எதை ஆடியிருந்தாலும் கேஸ்லிங் உரிமை போயிற்று. அதனால் 1. யானை ஏ1 ஆடினால் கறுப்பு கேஸ்லிங் செய்யவே முடியாது.

மற்ற பதில்களையும் சரிபார்க்க வேண்டும், இதை விட்டுவிடக் கூடாது. ராஜா டி8 போனால் யானை ஏ8 மேட், ஏனென்றால் சி7-இல் அவன் சிப்பாயே வழியை அடைக்கிறது. டி7, இ7 வெள்ளை ராஜாவின் காவலில். ராஜா எஃப்8 போனால் அதே யானை ஏ8, அந்தப் பக்கம் ஜி7 சிப்பாய் அடைப்பு. யானை எஃப்8-க்கோ ஜி8-க்கோ வந்தாலும் மேட்டைத் தடுக்க முடியாது, குறுக்கே வர வேண்டிய கட்டங்கள் ராஜாவுக்கு மறுபக்கம் இருக்கின்றன. பி7 சிப்பாய் எதற்கு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் யானை பி1-உம் இதே வேலையைச் செய்யும். முதல் நகர்வு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது புதிர்க்காரர்கள் கறாராகப் பார்க்கும் விஷயம்.

புதிர் உலகத்தில் இதற்கு இரண்டு எழுதப்பட்ட மரபுகள் உண்டு. கேஸ்லிங்: முடியாது என்று நிரூபிக்காதவரை முடியும். ஆன்பாஸான் (இரண்டு அடி வைத்த சிப்பாயை, ஓர் அடி மட்டும் வைத்ததுபோலக் கருதி பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது): கடைசி நகர்வு சிப்பாயின் இரட்டை அடிதான் என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். இரண்டும் எதிரெதிராக இருப்பதைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், கரும்பலகை ஓரத்தில் எழுதியே வைத்துவிடுங்கள்.

செயலி ஏன் தவறுகிறது என்றால், அதற்கு ஆட்டத்தின் வரலாறு தெரியாது. நிலையை அடுக்கும்போது கேஸ்லிங் உரிமை உண்டு என்று நாம் குறித்தால் உண்டு, இல்லை என்றால் இல்லை. லிசெஸ் என்ற இலவச செஸ் தளத்தின் பலகை எடிட்டரில் கேஸ்லிங்குக்கு நான்கு டிக் பெட்டிகள் இருக்கும். கறுப்பின் ராஜா பக்கத்து டிக்கை எடுத்துவிட்டு ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை ஓடவிடுங்கள், இரண்டில் மேட் என்று உடனே காட்டும்.

ஏ1_கறுப்புக்கட்டம்:

ஹெல்ப்மேட்டுக்கு நான் வருகிறேன். விதி இவ்வளவுதான்: கறுப்பு முதலில் ஆடும், இரண்டு பக்கமும் கூடிப் பேசி வைத்த மாதிரி கறுப்பு ராஜாவை மேட் ஆக்க வேண்டும். 1854-இல் ஜெர்மன் செஸ் வீரர் மாக்ஸ் லாங்கே வெளியிட்ட முதல் ஹெல்ப்மேட்டில் வெள்ளை ஆரம்பித்தது. 1860-இல் அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாய்டு கறுப்பை முதலில் ஆட வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. பிள்ளைகள் செய்யும் முதல் தப்பும் இங்கேதான், பழக்கதோஷத்தில் வெள்ளையைத் தொடுவார்கள்.

ஐந்தே காய்:

வெள்ளை: ராஜா சி3, குதிரை டி4.
கறுப்பு: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ2, பி2.
ஹெல்ப்மேட், ஒரே நகர்வு (கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று). இரண்டு விடைகள் உண்டு.

ராஜா பி1 போனால் குதிரையால் ஒரே தாவலில் செக் கொடுக்க முடியாது. அதனால் பி2 சிப்பாய்தான் பி1-இல் இறங்கியாக வேண்டும். இறங்கி என்ன காயாக மாறுவது? எல்லாரும் ராணி என்பார்கள். ராணியானால் குதிரை பி3 வந்தாலும் வெட்டிவிடும், சி2 வந்தாலும் வெட்டிவிடும். உதவி செய்ய வந்தவன் பலசாலியாக இருப்பதே இடைஞ்சல். குதிரையாக மாறினால் பி1-இலிருந்து சி3 ராஜாவுக்கு செக் ஆகிவிடுகிறது, வெள்ளை அதைக் கவனிக்க வேண்டும், மேட்டுக்கு நேரம் இல்லை. மிச்சம் இரண்டு:

யானையாக மாறினால் குதிரை சி2 மேட். யானையால் பி3-ஐ வெட்ட முடியும், மூலைவிட்டமாக சி2-ஐத் தொட முடியாது.

பிஷப்பாக மாறினால் குதிரை பி3 மேட். பிஷப்புக்கு சி2 கைக்கெட்டும், பி3 எட்டாது.

இரண்டிலும் பி2-ஐ வெள்ளை ராஜா காக்கிறது, ஏ2-உம் பி1-உம் கறுப்பின் சொந்தக் காய்களால் அடைபட்டிருக்கின்றன. ஒரு விடை மற்றதன் கண்ணாடிப் பிம்பம்போல அமைவதைத்தான் ஹெல்ப்மேட் ரசிகர்கள் தேடுவார்கள். ஒரு விடை கிடைத்ததும் நிறுத்திவிடும் பிள்ளைக்கு "இன்னொன்று இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள், எந்தக் காய் என்று சொல்லாதீர்கள்.

இதே நிலையைச் சாதா ஆட்டமாக எடுத்துக்கொண்டு கறுப்பு ராணி ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். குதிரை சி2 செக், ராணி வெட்டியே ஆக வேண்டும், ராஜா சி2-இல் ராணியை வெட்டும், கறுப்புக்கு ஆட இடமில்லை, ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. வகுப்பில் சத்தம் கேட்கும்.

செல்ஃப்மேட்டை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வெள்ளை தன்னையே மேட் ஆக்கும்படி கறுப்பைக் கட்டாயப்படுத்த வேண்டும், கறுப்போ மேட் கொடுக்காமல் நழுவப் பார்க்கும். கறுப்பின் எல்லா நகர்வுகளையும் அடைத்துக்கொண்டே வர வேண்டும் என்பதால் காய்கள் நிறைய இருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்குப் பலகையைப் பார்த்ததுமே அலுத்துவிடும்.

கூடலூர்_டூயல்பிடிப்பான்:

மூலைக்குதிரை அண்ணன் கொடுத்த இரண்டாவது புதிரில் ஓட்டை இருக்கிறது. கறுப்பின் முதல் நகர்வு சிப்பாய் இ6 என்கிறார், இ5 ஆடினாலும் அதே மேட் வருகிறது. இந்த மாதிரி இரட்டை வழியை டூயல் என்பார்கள். ப்ரூஃப் கேம் (கொடுத்த நிலைக்கு வந்த ஆட்டத்தையே கண்டுபிடிக்கும் புதிர்) போட்டிக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் இ5 சொன்ன பிள்ளைக்குத் தப்பு போட்டுவிடாதீர்கள்.

சரிபார்க்க எந்த மென்பொருள் என்பதற்கு: சாதா எஞ்சினில் ஹெல்ப்மேட்டைப் போடவே கூடாது. இரண்டு பக்கமும் ஜெயிக்கப் பார்க்கும் என்ற அடிப்படையில்தான் அது கணக்கிடுகிறது, உதவி என்ற கருத்தே அதற்குக் கிடையாது. பாப்பாய் என்று புதிர் தீர்க்கும் இலவச நிரல் இருக்கிறது. நிலை, நிபந்தனை, எத்தனை நகர்வு என்று கொடுத்தால் எல்லா விடைகளையும் பட்டியலிடும். மேலே உள்ள ஐந்து காய் புதிருக்குச் சரியாக இரண்டு வர வேண்டும். மூன்றாவது வந்தால் காயைத் தப்பாக அடுக்கியிருக்கிறீர்கள். பாப்பாயும் கேஸ்லிங்கை மரபுப்படி "முடியும்" என்றே வைத்துக்கொள்ளும், ரெட்ரோ தர்க்கம் அதற்குத் தானாக வராது. ப்ரூஃப் கேமுக்கு நாட்ச், யூக்ளிட் என்று தனி நிரல்கள்.

டூயலைப் பொருட்படுத்தாமல் ரசிக்க வேண்டுமென்றால் லாய்டின் பத்து நகர்வு ஸ்டேல்மேட்டுக்கு ஈடில்லை. ஆடிக் காட்டுங்கள்: 1. சிப்பாய் இ3, சிப்பாய் ஏ5. 2. ராணி எச்5, யானை ஏ6. 3. ராணி ஏ5-ஐ வெட்டு, சிப்பாய் எச்5. 4. சிப்பாய் எச்4, ஏ6 யானை எச்6. 5. ராணி சி7-ஐ வெட்டு, சிப்பாய் எஃப்6. 6. ராணி டி7-ஐ வெட்டி செக், ராஜா எஃப்7. 7. ராணி பி7-ஐ வெட்டு, ராணி டி3. 8. ராணி பி8-ஐ வெட்டு, ராணி எச்7. 9. ராணி சி8-ஐ வெட்டு, ராஜா ஜி6. 10. ராணி இ6. கறுப்புக்குப் பத்துக் காய் இருந்தும் ஒன்றுகூட அசையாது. எஃப்6 சிப்பாய் ஏன் எஃப்5-க்குப் போகக் கூடாது என்று கட்டாயம் கேட்பார்கள். இ6 ராணிக்கும் ஜி6 ராஜாவுக்கும் நடுவில் அது கட்டுண்டு நிற்கிறது, நகர்ந்தால் ராஜாவுக்கு செக் (ஆங்கிலத்தில் pin).

மூலைக்குதிரை:

டூயல் விஷயத்தில் சொன்னது சரி. ஆனால் பத்து வயதுக்குக் கறாரான புதிரைவிட இரண்டு வாசல் உள்ள புதிர் நல்லது என்பது என் கட்சி. ஒரு வாசலாவது கிடைத்தால்தானே மறுநாள் வருவார்கள்.

கம்பமெட்டு64:

அண்ணன்மார்களுக்கு நன்றி. கேஸ்லிங் டிக்கை எடுத்ததும் செயலி வழிக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று கேட்கிறேன். அந்த ரெட்ரோ நிலையில் ஒரு சிப்பாயை மட்டும் ஒரு அடி முன்னால் வைத்தால் என்ன ஆகும்? புதுக் காய்கள் வரும் புதிர்களுக்குத் தனியாகச் செட் வாங்க வேண்டுமா? இதற்கெல்லாம் போட்டி நடக்கிறதா?

ஏலத்தோட்டம்_ரெட்ரோ:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். புதிர் தீர்க்கும் உலகச் சாம்பியன்ஷிப் இருக்கிறது. ஆறு சுற்று, ஒவ்வொன்றிலும் மூன்று புதிர், புதிருக்கு 5 புள்ளி, மொத்தம் 90. நேரம்: இரண்டில் மேட்டுக்கு 20 நிமிடம், மூன்றில் மேட்டுக்கு 60, எண்ட்கேம் ஸ்டடிக்கு (ஆட்டத்தின் கடைசிக் கட்டப் புதிர்) 100, ஹெல்ப்மேட்டுக்கு 50, மூன்றுக்கு மேல் நகர்வு ஆகும் மேட்டுக்கு 80, செல்ஃப்மேட்டுக்கு 50. பிள்ளைகளுக்குத் தோது ஜனவரி கடைசியில் பல நாடுகளில் ஒரே நாளில் நடக்கும் சர்வதேசப் புதிர் தீர்க்கும் போட்டி. காயை நகர்த்திப் பார்க்கலாம், ஆனால் விடையைத் தாளில் எழுத வேண்டும். இரண்டில் மேட்டுக்கு முதல் நகர்வு போதும், ஹெல்ப்மேட்டுக்கு முழுத் தொடரும் வேண்டும். எழுதும் பழக்கத்தை இப்போதே போடுங்கள், வாயால் சரியாகச் சொல்லிவிட்டுத் தாளில் கோட்டைவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

தனிச் செட் வேண்டாம். வெட்டுக்கிளி என்ற காய் 1913-இல் ஆங்கிலேயப் புதிர்க்காரர் டி.ஆர். டாசனின் புதிர்களில் அறிமுகமானது. ராணி போகும் திசைகளில் போகும், ஆனால் வழியில் ஏதாவது ஒரு காயைத் தாண்டி அதற்கு அடுத்த கட்டத்தில் மட்டுமே இறங்கும். ஏ1-இல் வெட்டுக்கிளி, டி4-இல் ஒரு காய் என்றால் இ5-இல் இறங்கும். தாண்டிய காய் சாகாது, இறங்கும் கட்டத்தில் எதிரி இருந்தால் அவன் போவான். தாண்டக் காயே இல்லையென்றால் அசையாது. அச்சில் தலைகீழ் ராணியாகப் போடுவார்கள், மேஜையில் ராணி தலைகீழாக நிற்காது. உபரி ராணியின் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

காயே இல்லாத நாளில் குதிரைச் சுற்று. எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை மட்டும் தொட வேண்டும், தொட்ட கட்டத்தில் புளியங்கொட்டை. நம் பக்கத்துக்கு இது புதிதில்லை, வேதாந்த தேசிகர் பாதுகா சஹஸ்ரத்தில் ஸ்லோக எழுத்துகளையே குதிரைத் தாவலில் அடுக்கியிருக்கிறார். முழுப் பலகையில் தடுமாறினால் 1823-இல் வார்ன்ஸ்டார்ஃப் சொன்ன வழி: அடுத்து எந்தக் கட்டத்திலிருந்து வெளியேறும் வழிகள் குறைவோ அங்கே போ. மூலைக்கு இரண்டே வழி, நடுவுக்கு எட்டு, அதனால் ஓரத்தை முதலில் முடிக்க வேண்டும். சின்னவர்களுக்கு 5×5 போதும். ஒரு பிள்ளையை மட்டும் மூலைக்குப் பக்கத்துக் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றாலும் முடியாது. 25 கட்டத்தில் மூலை நிறம் 13, மற்ற நிறம் 12. நிறம் மாறி மாறி வருவதால் 13 உள்ள நிறத்தில்தான் தொடங்க முடியும். இதை நீங்கள் சொல்லாமல் அவர்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

இனி சிப்பாய். எச்7-ஐ எச்6-க்கோ, பி7-ஐ பி6-க்கோ தள்ளினால் கடைசி நகர்வு அந்தச் சிப்பாயாக இருந்திருக்கலாம். கேஸ்லிங் முடியாது என்று நிரூபிக்க வழியில்லை, கறுப்பு தப்பிவிடும், புதிருக்கு விடை கிடையாது. சி7-ஐ சி6-க்கோ ஜி7-ஐ ஜி6-க்கோ தள்ளினாலும் விடை கிடையாது, ஆனால் அங்கே கேஸ்லிங்கே இல்லாவிட்டாலும் மேட் உடைந்துவிடும்: ராஜா டி8, யானை ஏ8 செக், ராஜா சி7 என்று ஓடிவிடும். ஜி6 என்றால் ராஜா எஃப்8 போய் ஜி7 வழியாக ஓடும். நான்கு நிலையையும் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்து, எது எந்தக் காரணத்தால் கெட்டது என்று பிரிக்கச் சொல்லுங்கள்.